காது கேட்கும் கருவியும் கடலோர ஈரமும்

காது கேட்கும் கருவி என்பது சுற்றுப்புற ஒலியை வாங்கி, பெருக்கி, செவிக்குள் செலுத்தும் சிறு மின்னணுச் சாதனம் ஆகும். மக்கள் இதைக் 'காது மிஷின்' என்பர். இது அளவில் சுருங்கி, விலை குறைந்து, இன்று சில நாடுகளில் மருத்துவர் சீட்டு இன்றியே கடையில் வாங்கும் பொருளாகிவிட்டது. ஆனால் தொடக்கம் முதல் இதைப் பழுதாக்கி வரும் பகை ஒன்றே. அது ஈரம். பாக் விரிகுடாக் கரையிலுள்ள தேவிபட்டினம் போன்ற ஊர்களில் இந்தக் கருவியின் வரலாற்றைப் படிக்கும்போது இந்தச் செய்தி தனிப் பொருள் பெறுகிறது. உப்புக்காற்று, வியர்வை, தீர்த்தமாடல் மூன்றும் அங்கே அன்றாடம்.

மின்சாரத்துக்கு முன்பு

உள்ளங்கையைக் காதருகே குவிப்பதே மனிதர் கண்ட முதல் உதவி. அடுத்து விலங்குக் கொம்பும் பெரிய கடற்சிப்பிகளும் பயன்பட்டன. பின்னர் உலோகத்தால் ஆன செவிக்குழல்கள் ஐரோப்பாவில் பரவின. 19ஆம் நூற்றாண்டில் இலண்டனில் இவற்றைச் செய்து விற்பதே ஒரு தொழிலாக இருந்தது. குழலில் பழுதாக எதுவும் இல்லை; கழுவித் துடைத்தால் போதும். ஆனால் அது ஒலியைத் திரட்டியதே தவிர, பெருக்கவில்லை.

மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் எடுக்க மூழ்கியவர்களின் செவிகள் வேறுவகையில் சோதிக்கப்பட்டன. பத்து மீட்டர் ஆழத்தில் நீரழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல் இருமடங்காகும். மூக்கைப் பிடித்துக் காற்றைச் செவிக்குள் தள்ளி அழுத்தத்தைச் சமன் செய்யாவிட்டால் செவிப்பறை கிழியக்கூடும். இன்றைய மீனவருக்கு ஆழத்தைவிட விசைப்படகு எஞ்சினின் இரைச்சலே பெரிய இடர். ஆண்டுக்கணக்கில் அதனருகே நிற்பவர் முதலில் இழப்பது மெல்லிய, உயர்ந்த ஒலிகளை. அதனால் 'பேசுவது கேட்கிறது, ஆனால் புரியவில்லை' என்கிற நிலை வருகிறது.

கரித்தூளும் உப்புப் படிகமும்

அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மில்லர் ரீஸ் ஹட்சிசன் 1890களின் இறுதியில் மின்சாரக் கருவியை உருவாக்கினார். அதன் ஒலிவாங்கியில் கரித்துகள்கள் இருந்தன. ஈரம் பட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தட்டிவிட்டுப் பயன்படுத்த வேண்டும். அடுத்து வந்த வெற்றிடக்குழாய்க் கருவிகளுக்கு இரண்டு மின்கலங்கள் தேவைப்பட்டன. அவற்றில் பலவற்றின் ஒலிவாங்கி ரோஷெல் உப்பு என்னும் படிகத்தால் ஆனது. இப்படிகம் மிகுந்த ஈரக்காற்றில் கரைந்துவிடும். 55 பாகை செல்சியசைத் தாண்டிய வெப்பத்தில் கெட்டுவிடும். வங்கக் கடலோரத்துக்கு இதைவிடப் பொருந்தாத பொருளைத் தேடிப் பிடிப்பது கடினம்.

1947 இறுதியில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அது முதலில் விற்பனைக்கு வந்த பொருள்களில் ஒன்று வானொலி அன்று, காது கேட்கும் கருவியே; 1952 இறுதியில் சோனோடோன் நிறுவனம் அதை வெளியிட்டது. முற்கால டிரான்சிஸ்டர்களும் உடலின் ஈரத்தால் கெட்டன. காற்றுப்புகாத உறை வந்த பிறகே நிலைமை சீரானது. முழு டிஜிட்டல் கருவிகள் 1990களின் நடுவில் கடைக்கு வந்தன.

தமிழ்நாட்டில்

பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் சுவெய்ன்சன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய காதுகேளாதோர் பள்ளி தென்னகத்தின் பழைய முயற்சிகளுள் ஒன்று. சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா, கருவியை மிகச் சிறு வயதிலேயே பொருத்திப் பேச்சைப் பழக்கும் முறையை முன்னெடுத்தது. 1981 முதல் நடைமுறையிலுள்ள மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டம் குறைந்த வருவாயினருக்குக் கருவிகளை வழங்குகிறது. மாவட்ட அளவில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இதற்கான வாயில்.

இவ்வாறு நெடுங்காலம் வழங்கப்பட்டது சட்டைப்பையில் வைக்கும் பெட்டிக் கருவி. அதன் ஒயர் அறும். துணி உரசும் ஒலி காதில் இரையும். ஆயினும் அதற்கு ஒரு நன்மை இருந்தது: பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரியால் அது ஓடியது. காதுக்குப் பின்னால் மாட்டும் இன்றைய கருவி நேர்த்தியானது, ஆனால் அதற்குரிய பொத்தான் பேட்டரி சிற்றூரில் எளிதில் கிடைப்பதில்லை. பேட்டரி தீர்ந்ததால் அலமாரிக்குப் போகும் கருவி, கேளாமையை மட்டுமன்று, 'இதெல்லாம் நமக்குச் சரிப்படாது' என்ற முடிவையும் வீட்டில் விட்டுச்செல்கிறது.

சீட்டு இல்லாத விற்பனை

அமெரிக்க நாடாளுமன்றம் 2017இல் இயற்றிய சட்டத்தின்படி, அந்நாட்டின் உணவு மருந்து நிர்வாகம் 2022 ஆகஸ்டில் விதிகளை வெளியிட்டது. 2022 அக்டோபர் 17 முதல் 18 வயது நிறைந்தோர், இலேசான அல்லது நடுத்தரக் கேட்புக் குறைவுக்குப் பரிசோதனையின்றியே கருவி வாங்கலாம். மிகுந்த ஒலி செவியைக் கெடுக்காதிருக்க, வெளியீடு 111 டெசிபெலுக்கு மேல் போகக்கூடாது. ஒலியைத் தானே அடக்கும் வசதி இயங்கும்போது 117 வரை போகலாம்.

இந்தியாவில் இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை பெரும்பாலும் வெறும் ஒலிபெருக்கிகள். அவை எல்லா ஒலியையும் ஒன்றுபோல் உயர்த்தும். எஞ்சின் இரைச்சலால் உயர்ந்த ஒலிகளை மட்டும் இழந்தவருக்கு இதனால் பாத்திரச் சத்தம் கூடுமே தவிர, பேச்சு தெளிவாகாது. காதில் சீழ், திடீர்க் கேளாமை, ஒரு காதில் மட்டும் குறைவு, தலைச்சுற்றல் ஆகியவை இருந்தால் கடைக்கு முன் மருத்துவரிடம் செல்ல வேண்டும். குழந்தைக்குக் கடைக்கருவி ஒருபோதும் கூடாது. பல வேளைகளில் குறும்பி அடைப்பை எடுத்தாலே குறை தீர்ந்துவிடும்.

கடலோரத்தில் பராமரிப்பு

பொத்தான் பேட்டரிகள் பெரும்பாலும் துத்தநாக-காற்று வகை. மேலுள்ள வண்ணத் தாளை உரித்ததும் காற்று புகுந்து வேலை தொடங்கும். மீண்டும் ஒட்டினாலும் நிற்காது. உரித்தபின் ஓரிரு நிமிடம் விட்டுப் பொருத்துவது நல்லது. தாளின் நிறமே அளவைக் காட்டும்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இரவில் கருவியைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் உள்ள மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். சார்ஜ் ஏற்றும் வகைக்கு நிறுவனம் சொல்லும் உலர்த்தும் முறையே சரி. வெயிலிலோ அடுப்பருகிலோ உலர்த்தக் கூடாது. காதச்சைத் தனியே கழற்றிச் சோப்பு நீரில் கழுவலாம். கருவியை நீரில் நனைக்கலாகாது. தலைக்கு எண்ணெய் தேய்த்துக் காய்ந்த பின்பே மாட்ட வேண்டும்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களை வழிபட்டு நீராடுவோரும், இராமேசுவரத்தில் அக்கினி தீர்த்தத்தில் மூழ்கி 22 தீர்த்தங்களை வாளியால் ஊற்றிக்கொள்வோரும் பெரும்பாலும் முதியோர். கருவியை முன்னதாகவே கழற்றி, மூடியுள்ள சிறு டப்பாவில் போட்டு, கரையில் நிற்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு சடங்கில் சொல்லப்படுவது அவர் காதில் விழாது. ஆகவே என்ன செய்ய வேண்டும் என்பதை, கருவி காதில் இருக்கும்போதே புரோகிதரிடம் கேட்டுக்கொள்வதும், நீராடும்போது உடன்வருபவர் முகம் தெரியும்படி எதிரே நின்று கையசைத்துக் காட்டுவதும் உதவும். தலையும் காதும் நன்றாகக் காய்ந்த பின்பே மீண்டும் மாட்டலாம்.