வேலிக்கு அப்பால் விழுந்த பொருள்

பொழுதுபோக்குக்காகப் பறக்கவிட்ட டிரோன் அடுத்த வீட்டுக்காரரின் தோட்டத்தில் விழுந்துவிட்டால், அதை எடுத்துவர உள்ளே பிரவேசிக்கலாமா என்ற பிரச்சினை, பார்வைக்கு நவீனமாகத் தோன்றினாலும், இங்கிலாந்தின் நியாயஸ்தலத்தில் 1466-ஆம் ஆண்டிலேயே வேறோர் உருவில் விசாரணைக்கு வந்துவிட்டது. தன் முள்வேலியை வெட்டிய ஒருவன், தன் இச்சையின்றி அயலான் நிலத்தில் விழுந்த முட்களை எடுக்கப் போனதற்காக, அத்துமீறிப் பிரவேசித்தவனாகவே தீர்ப்பளிக்கப்பட்டான்.

ஆகாயத்திலிருந்து இறங்கிய பொருளைப் பற்றிய வழக்கோ 1822-இல் நியூயார்க்கில் தீர்ந்தது. கில்லே என்பவர் ஏறிச் சென்ற பலூன், சுவான் என்பவருடைய தோட்டத்தில் இறங்கி, உருளைக்கிழங்கு, முள்ளங்கிப் பாத்திகளின்மீது சுமார் 30 அடி இழுபட்டுச் செல்ல, கூடையிலிருந்து தொங்கிய அவர் உதவி கேட்டுக் கூவ, 200-க்கும் மேற்பட்ட ஜனங்கள் வேலியை உடைத்துப் புகுந்து காய்கறிகளையும் பூச்செடிகளையும் துவைத்துவிட்டார்கள். பலூனால் விளைந்த சேதம் சுமார் 15 டாலர்தான்; ஆயினும் கூட்டம் செய்த சேதத்தையும் சேர்த்து 90 டாலர் நஷ்டஈடு விதிக்கப்பட்டதை மேல்நீதிமன்றம் உறுதிசெய்தது. பலூன் இறங்குமிடத்தை அதில் செல்பவர் நிச்சயிக்க இயலாது, அவர் இறங்குமிடத்தில் கூட்டம் கூடுவதும் சகஜம். ஆகவே பொறுப்பு அவருடையதே என்பது தலைமை நீதிபதி ஸ்பென்சரின் கருத்து.

கடுமையான தீர்ப்பென்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு நியாயமாகவே படுகிறது. முள்ளங்கி பயிரிட்டவர் பலூன் வேடிக்கைக்குச் சீட்டு வாங்கவில்லையே! டிரோனைத் தவறவிட்ட வாசகர், வேலி தாண்டாமல், வாயிற்கதவைத் தட்டி அனுமதி கேட்பாராக.