பெட்டிக்கு வெளியே ஒரு கார்டு – 7: வை-ஃபை வாசல்

2007 ஜனவரி. லாஸ் வேகாஸ் கண்காட்சியில் தைவானின் அஸூஸ் நிறுவனம் ஒரு பெட்டியைக் காட்டியது. பெயர் எக்ஸ்ஜி ஸ்டேஷன். உள்ளே மேசைக் கணினிக்கான ஜீஃபோர்ஸ் கார்டு; லேப்டாப்பின் பக்கவாட்டில் செருக ஒரு கேபிள். லேப்டாப்பில் கேம் திணறுகிறது, அனிமேஷன் நகரமாட்டேன் என்கிறது என்று புலம்பியவர்களுக்கு விடிவுகாலம் வந்துவிட்டது போலத்தான் இருந்தது.

விடியவில்லை. குறை கார்டில் இல்லை, பாதையில் இருந்தது. மேசைக் கணினியில் கிராஃபிக்ஸ் கார்டு உட்காரும் ஸ்லாட்டுக்கு 16 லேன்கள், அதாவது தரவு ஓடும் தடங்கள். அந்தக் கேபிள் செருகும் லேப்டாப்பின் எக்ஸ்பிரஸ்கார்டு துளைக்கு ஒன்றே ஒன்று. அன்றைய கணக்கில் ஒரு லேனில் நொடிக்கு 250 மெகாபைட் போகும். பதினாறில் 4 ஜிகாபைட். மவுண்ட் ரோட்டு வண்டிகள் மொத்தத்தையும் மயிலாப்பூர்ச் சந்து ஒன்றுக்குள் திருப்பிவிட்ட கதை.

மறு ஆண்டு ஏஎம்டி களமிறங்கியது. எக்ஸ்ஜிபி என்ற பெயரில் பல லேன்கள் கொண்ட தனி கேபிள். ஃபுஜிட்சு சீமென்ஸின் அமிலோ லேப்டாப்புடன் அது வெளிவந்தது. வேகம் கிடைத்தது. ஆனால் அந்தக் கேபிளுக்கான துளை விரல்விட்டு எண்ணக்கூடிய லேப்டாப்களில்தான் இருந்தது. அதோடு முடிந்தது.

பெரிய நிறுவனங்கள் தடுமாறிய அந்த இடத்தில்தான், என்னைப் பொறுத்தவரை, உண்மையான வரலாறு தொடங்குகிறது. இதை எழுதுகிறவர்கள் பலரும் 2015-இல் வந்த தண்டர்போல்ட் 3-லிருந்து ஆரம்பிக்கிறார்கள். 40 ஜிகாபிட் வேகம் பெரிய விஷயம்தான். ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பேர் தெரியாத ஆர்வலர்கள் லேப்டாப்பைக் கவிழ்த்து அடி மூடியைக் கழற்றிவிட்டார்கள். உள்ளே கட்டைவிரல் அகலத்தில் வை-ஃபை கார்டு. அது செருகியிருந்த மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டிலும் ஒரு லேன் இருந்தது! எக்ஸ்பிரஸ்கார்டு துளையே இல்லாத மலிவு லேப்டாப்புக்கும் வாசல் திறந்துவிட்டது.

சென்னையில் இந்த வேலையில் இறங்கியவர் போக வேண்டிய இடம் ரிச்சி ஸ்ட்ரீட். நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு எல்லாம் சேர்ந்து அந்த ஒரே பெயரில்தான் வழங்குகின்றன. பழைய கார்டு, அதற்கு மின்சாரம் தரும் பழைய எஸ்எம்பிஎஸ் எல்லாம் அங்கே பேரம் பேசி வாங்கலாம். கார்டையும் லேப்டாப்பையும் இணைக்கும் டாக் எனப்படும் சிறு போர்டு மட்டும் சீனாவிலிருந்து வர வேண்டும்.

அடையாறு விடுதி அறையோ, தி.நகர் மொட்டை மாடி அறையோ, வேலை ஒன்றுதான். வை-ஃபை கார்டின் கறுப்பு, வெள்ளை ஆன்டெனா ஒயர்களை நகத்தால் நெம்பி எடுக்க வேண்டும். காலியான ஸ்லாட்டில் டாக்கின் கேபிள். எஸ்எம்பிஎஸ்ஸைக் கிளப்ப மதர்போர்டு இல்லை. அதனால் 24 முள் இணைப்பியில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைக்க வேண்டும். கார்டின் ஃபேன் சுழல்கிறது. லேப்டாப் எழுகிறது. டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயர் வருகிறது. பக்கத்திலேயே மஞ்சள் முக்கோணம். பிழை எண் 12.

இந்தச் சாதனத்துக்கு ஒதுக்கப் போதிய இடமில்லை என்று விண்டோஸ் கைவிரிக்கிறது என்பதே அதன் பொருள். 4 ஜிகாபைட் எல்லைக்குள், உடைபடாத ஒரே துண்டாக முகவரி இடம் கேட்கிறது கார்டு. அது பெரும்பாலும் 256 மெகாபைட். இப்படி ஒரு விருந்தாளி வருவான் என்று லேப்டாப்பின் பயாஸை எழுதியவர்கள் எதிர்பார்க்கவே இல்லை.

டிரைவரை மாற்றினார்கள். விண்டோஸை மறுபடி போட்டார்கள். முக்கோணம் போகவில்லை. கடைசியில் பலருக்கு வழி பிறந்தது எதையும் சேர்த்ததில் அல்ல. லேப்டாப்பை மறுபடி திறந்து, வேகம் கூடட்டும் என்று காசு கொடுத்துப் போட்ட ஒரு பாகத்தைக் கழற்றியதில்!

அது எந்தப் பாகம்? அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் ஊகித்து வையுங்கள்.

(தொடரும்)