முதல் பட்டதாரிகள்

ஒரு குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதலில் மிதித்தவருக்கு 'முதல் பட்டதாரி' என்று தமிழக அரசு சான்றிதழ் தருகிறது. 2010 முதல் தொழிற்கல்விக் கட்டணச் சலுகைக்கும் அதுவே அடிப்படை. ஆனால் ஒரு பல்கலைக்கழகத்திற்கே முதல் பட்டதாரிகளாக வெளிவந்த இருவரை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பட்டது. அதன் முதல் பி.ஏ. தேர்வில் தேறிய இருவருமே யாழ்ப்பாணத்தார். ஒருவர் வட்டுக்கோட்டைச் செமினரியில் கணிதம் கற்பித்த விசுவநாத பிள்ளை. மற்றவர் அங்கே அவரிடம் பயின்ற சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம் பிள்ளை. ஆசிரியரும் மாணாக்கரும் ஒருசேரப் பட்டம் பெற்ற விந்தை அது.

பட்டம் கிடைத்தது, அதைக்கொண்டு எவ்வாறு வாழ்வது? கேட்டறிய முன்னவர் எவருமில்லை. 1832-இல் பிறந்த பிள்ளையவர்கள் தந்தையிடமும் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடமும் தமிழ் கற்றவர். பெர்சிவல் பாதிரியாரின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்து 'தினவர்த்தமானி' இதழை நடத்தினார். கள்ளிக்கோட்டையில் அரசினர் பள்ளி ஆசிரியரானார். பிறகு சென்னையில் அரசின் வரவுசெலவுக் கணக்குத் துறையில் உயர்ந்தார். 1871-இல் பி.எல். தேறினார். கும்பகோணத்தில் வழக்குரைஞர், புதுக்கோட்டையில் நீதிபதி என்று அவர் வாழ்வு நீண்டது. இத்தனை மாற்றங்களையும் மனத்தின் நிலையின்மை என்று கொள்ளலாகாது. பாதையே இல்லாத காட்டில் நடப்பவன் பல திசைகளிலும் அடியெடுத்து வைத்துத்தான் வழி காண்கிறான்.

புதிய கல்வி பெரிதும் அலுவலகங்களுக்கு ஆள் சேர்த்தது என்பர். அது மெய்யே, பிள்ளையவர்களும் அலுவலகம் சென்றவரே. எனினும் ஊதியத்துக்கு உழைத்த நேரம் போக எஞ்சியதை அவர் ஏட்டுச்சுவடிகளுக்குத் தந்தார். 1868-இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன் அவர் முயற்சியால் வெளிவந்தது. வீரசோழியம் 1881-இலும், இறையனார் அகப்பொருள் 1883-இலும், கலித்தொகை 1887-இலும் தொடர்ந்தன. செல்லரித்து அழியும் ஏடுகளைக் கண்டு அவர் கொண்ட துயரத்தைப் பதிப்புரைகளில் இன்றும் காணலாம்.

இங்கே ஒரு முரணையும் நோக்க வேண்டும். பிள்ளையவர்கள் வழக்காடிய அதே கும்பகோணத்தில், கல்லூரிப் படிப்பே இல்லாத உ.வே. சாமிநாதையர் 1880 முதல் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கினார். ஒருவர் திருவாவடுதுறை மடத்துத் தமிழ் மரபிலிருந்தும், மற்றவர் ஆங்கிலக் கல்வியிலிருந்தும் புறப்பட்டுப் பழந்தமிழ் நூல்களில் சந்தித்தனர். பட்டம் மட்டுமே புலமையைத் தருவதில்லை. பட்டம் பெற்றோர் புலமையை இழக்க வேண்டியதுமில்லை.

1901-இல் பிள்ளையவர்கள் மறைந்தார். அவர் வகித்த பதவிகளை இன்று ஆய்வாளரே அறிவர். பதிப்பித்த நூல்களோ நம் கையில் உள்ளன.

இன்றைய முதல் பட்டதாரியின் தோளில் வீட்டுக் கடனும் தம்பி தங்கையர் படிப்பும் சுமையாக ஏறியிருக்கலாம். அவற்றை இறக்கிவைத்துவிட்டு ஏட்டைத் தேடுக என்று அவரிடம் கூற நமக்கு உரிமையில்லை. ஆயினும் வேலையில் அமர்வதோடு கல்வியின் பயன் தீர்ந்துவிடுவதில்லை என்பதற்கு, அப்பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரே சான்றாக நிற்கிறார். நெறிகாட்ட எவருமின்றி நடந்த அவர், பின்வருவோர்க்கு நெறியாகிப் போனார்.