ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'லெஃப்ட்' என்றால் யாருடைய இடது?

முதுகுவலிக்கு எம்ஆர்ஐ எடுத்திருக்கிறீர்கள். டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, ரிப்போர்ட் மட்டும் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. அதில் ஒரு வரி: 'எல்4-எல்5 லெவலில் லெஃப்ட் போஸ்டீரோலேட்டரல் டிஸ்க் புரோட்ரூஷன்'. கூகுள் பண்ணினால் பயம்தான் மிஞ்சும். உண்மையில் அந்த வரியில் பாதிக்கு மேல் வெறும் முகவரி. எந்த இடம், எந்தப் பக்கம் என்பதைத்தான் சொல்கிறது. அதைப் படிக்க ஏழெட்டு வார்த்தைகள் தெரிந்தால் போதும்.

முதலில், கொஞ்சம் எழுந்து நில்லுங்க. முகம் நேராக, கைகள் உடம்பை ஒட்டித் தொங்கட்டும், உள்ளங்கைகள் முன்பக்கம் பார்க்கட்டும். இதுதான் 'அனட்டாமிக்கல் பொசிஷன்'. நோயாளி குப்புறப் படுத்திருந்தாலும் சரி, ஒருக்களித்திருந்தாலும் சரி, அவர் இப்படி நிற்பதாக வைத்துக்கொண்டுதான் மருத்துவத்தில் திசை சொல்வார்கள். உள்ளங்கை ஏன் முன்பக்கம்? கையைத் திருப்பிப் பாருங்கள், வெளிப்பக்கம் இருந்த கட்டைவிரல் உள்பக்கம் வந்துவிடும். உள்ளேயும் முன்கையின் ஒரு எலும்பு இன்னொன்றின் குறுக்கே போய்விடும். கை திரும்பும்போதெல்லாம் திசையும் மாறினால் யாருக்கும் எதுவும் புரியாது.

இனி வார்த்தைகள். முன்பக்கம் ஆன்டீரியர், பின்பக்கம் போஸ்டீரியர். தலையை நோக்கி சுப்பீரியர், பாதத்தை நோக்கி இன்ஃபீரியர் (ஆபீஸ் அர்த்தத்தை மறந்துவிடுங்கள்). மூக்கு, தொப்புள் வழியாக ஒரு நடுக்கோடு போட்டால், அதற்குப் பக்கத்தில் இருப்பது மீடியல், விலகி இருப்பது லேட்டரல். ஆக, போஸ்டீரோலேட்டரல் என்றால் பின்பக்கமாக, ஓரமாக. டிஸ்க் பிதுங்கியிருக்கும் அந்த மூலையை ஒட்டித்தான் காலுக்குப் போகும் நரம்பு வேர் இருக்கிறது. பிரச்சினை முதுகில் இருந்தாலும் வலி இடது காலில் இழுப்பது அதனால்தான்.

அதிகம் குழப்புவது ப்ராக்ஸிமல், டிஸ்டல் ஜோடி. நம்மூர் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள்: தலைமடை ப்ராக்ஸிமல், கடைமடை டிஸ்டல். கை, கால்களில் உடம்போடு சேரும் இடம்தான் தலைமடை. பைக்கிலிருந்து விழும்போது கையை ஊன்றினால் அடிக்கடி உடைவது 'டிஸ்டல் ரேடியஸ்', அதாவது அந்த எலும்பின் மணிக்கட்டுப் பக்க முனை. ரத்தக்குழாய் என்றால் அது கிளம்பும் இடம் தலைமடை. ஆஞ்சியோகிராம் ரிப்போர்ட்டில் 'ப்ராக்ஸிமல் எல்ஏடி' என்று பார்த்தால் டாக்டர்கள் உஷாராவது இதனால்தான். இதயத்தின் முன்பக்கம் இறங்கும் முக்கியமான குழாய் அது. தலைமடையில் அடைத்தால் கீழே காயும் வயல் அதிகம்.

சரி, தலைப்புக்கு வருவோம். இடது, வலது எப்போதும் நோயாளியுடையது, பார்ப்பவருடையது இல்லை. சிடி ஸ்கேனின் குறுக்குவெட்டுப் படத்தை, படுத்திருப்பவரின் காலடியில் நின்று பார்ப்பது போல அமைப்பது வழக்கம். அதனால் உங்கள் வலப்பக்கக் கல்லீரல் திரையின் இடப்பக்கம் தெரியும். பதற வேண்டாம்.

மூளையில் இன்னொரு திருப்பம். இடப்பக்க மூளையில் ஸ்ட்ரோக் வந்தால் பொதுவாக வலது கை, கால்தான் செயலிழக்கும். எதிர்ப்பக்கம் என்பதற்கு வார்த்தை கான்ட்ராலேட்டரல், அதே பக்கம் என்றால் இப்ஸிலேட்டரல்.

பக்கம் மாறி ஆபரேஷன் நடப்பது சினிமாவில் மட்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட 19 அம்ச அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், மயக்க மருந்துக்கு முன்பே இடத்தைக் குறித்தாயிற்றா என்ற கேள்வி இருக்கிறது. கத்தி வைப்பதற்கு முன், நோயாளி யார், எந்த இடம், என்ன சிகிச்சை என்று குழுவே வாய்விட்டு உறுதி செய்யவும் சொல்கிறது. உங்கள் பங்குக்கு ரிப்போர்ட்டின் உள்விவரத்தில் ஒரு பக்கமும், கடைசி 'இம்ப்ரஷன்' பகுதியில் இன்னொரு பக்கமும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஸ்கேன் சென்டரிடமே திருத்தித் தரச் சொல்லுங்கள். கன்சென்ட் ஃபார்மில் எழுதியிருக்கும் பக்கமும் உடம்பில் பேனாவால் போட்ட குறியும் ஒன்றுதானா என்று, மயக்க மருந்து கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.