மதிப்பெண் இல்லாமல் பிறந்த தேர்வு

வளரறி மதிப்பீடு முதலில் பிள்ளைகளுக்காகப் பிறக்கவில்லை; பாடத்திட்டங்களுக்காகப் பிறந்தது. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா பதறிப்போய், பள்ளிகளின் அறிவியல், கணிதப் பாடங்களைப் புதிதாக எழுதவைத்தது. எழுதியது தேறுமா என்று எப்போது பார்ப்பது? 1967இல் மைக்கேல் ஸ்கிரிவன் என்ற தத்துவ அறிஞர் இதை இரண்டு வேலைகளாகப் பிரித்தார். உருவாகும்போதே குறை கண்டு திருத்துவது ஒன்று. முடிந்த பிறகு தரம் சொல்வது இன்னொன்று. நம் ஆசிரியர்கள் எஃப்.ஏ., எஸ்.ஏ. என்று சொல்லும் வளரறி, தொகுத்தறி மதிப்பீடுகளின் மூலம் இதுதான்.

வளரறி மதிப்பீட்டை வகுப்பறைக்குள் கொண்டுவந்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் புளூம். போதிய நேரமும் தகுந்த உதவியும் கிடைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் பாடத்தில் தேறிவிடுவார்கள் என்று 1968இல் எழுதினார். அவர் சொன்ன வழி எளிது. ஓரிரு வாரம் பாடம், பிறகு ஒரு சிறுதேர்வு. எங்கே தடுமாறினார்களோ அதை வேறு விதமாகச் சொல்லித் தரவேண்டும். மறுபடியும் ஒரு சிறுதேர்வு. அந்தத் தேர்வுக்கு மதிப்பெண் போடக் கூடாது என்பதில் புளூம் உறுதியாக இருந்தார். என்னைக் கேட்டால், இந்தக் கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

1998இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பால் பிளாக்கும் டிலன் வில்லியமும் ஏறத்தாழ 250 ஆய்வுகளை அலசி, வகுப்பின் ஊடே நடக்கும் இத்தகைய மதிப்பீடு கற்றலை உயர்த்துகிறது, பின்தங்கிய பிள்ளைகளை அதிகம் தூக்கிவிடுகிறது என்று காட்டினார்கள். பிறகு மெட்வே, ஆக்ஸ்ஃபோர்டுஷயர் பகுதிகளில் ஆறு பள்ளிகளின் ஆசிரியர்களோடு சேர்ந்து அதைச் செய்தும் பார்த்தார்கள். அந்த ஆசிரியர்கள் மாற்றியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். கேள்வி கேட்டால் காத்திருந்தார்கள். பொதுவாக வகுப்பில் கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு நொடிகூடப் பொறுப்பதில்லை. மூன்று நொடி பொறுத்தால் விடை நீள்கிறது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளையும் பேசுகிறது என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களிலேயே கண்டிருந்தார்.

இன்னொன்று, நோட்டுத் திருத்துவது. பத்துக்கு ஐந்து என்று போட்டால் பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். “இலை எதை வெளியே விடுகிறது என்று சரியாக எழுதிவிட்டாய். எதை உள்ளே எடுக்கிறது? அதையும் சேர்த்து எழுது” என்று குறித்தால் பேனாவைத் திறக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்? 1988இல் இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் சோதித்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்ந்தே பெற்றவர்கள், வெறும் மதிப்பெண் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். மதிப்பெண் பக்கத்தில் இருந்தாலே குறிப்பு வீணாகிவிடுகிறது.

நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடர் மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் 2012-13இல், பாடப்புத்தகத்தைப் பருவத்துக்கு ஒன்றாகப் பிரித்த முப்பருவ முறையோடு எட்டாம் வகுப்பு வரை அது வந்தது. தொகுத்தறிக்கு 60 மதிப்பெண், வளரறிக்கு 40. அந்த 40இல் செயல்பாடுகளுக்கு 20, சிறுதேர்வுகளுக்கு 20. புத்தகமூட்டையின் எடை குறைந்தது, பிள்ளைகள் படம் வரைந்தார்கள், நடித்தார்கள், மாதிரிகள் செய்தார்கள். அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் 40 என்று ஒரு கட்டம் பதிவேட்டில் வந்ததும், அதை நிரப்புவதே வேலையாகிப்போனது. ஆசிரியர்மீது குற்றமில்லை. கேட்டது மதிப்பெண், அவர் கொடுத்தது மதிப்பெண்.

இத்தனைக்கும் அந்தச் சிறுதேர்வு புளூம் கேட்ட தேர்வுக்கு மிக அருகில் இருக்கிறது. அதன் மதிப்பெண்ணைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டு, தடுமாறிய இடத்தை மறுபடி சொல்லித்தர ஒரு பாடவேளையும் இரண்டாவது சிறுதேர்வும் சேர்த்தால் போதும். அதற்குப் புதிய புத்தகமோ கருவியோ வேண்டாம், கால அட்டவணையில் இடம்தான் வேண்டும்.