ஒரு ஷரத்தும் ஓர் ஆயரின் கல்யாணமும்

பள்ளியில் எங்களுக்குச் சரித்திரம் பிரெஞ்சில்தான். பிரான்சு ராஜாக்களின் பெயர்களை வரிசையாக ஒப்பிப்போம். ரைன் நதிக்கு அப்பால் நடந்ததைப் பற்றி அதிகம் சொல்லித்தரவில்லை. 'பிரேன்ஸ் எவேக்' என்ற சொல் மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. ஆயரும் அவரே, அரசரும் அவரே.

நம் ஊர்ப் பெரியவர்கள் மேற்றிராணியார் என்பார்களே, அவருக்கே நாடும் நகரமும் படையும் வரி வசூலும் இருந்தால் எப்படி இருக்கும்? ஜெர்மனியில் அப்படிப் பலர் இருந்தார்கள். ஆனால் நாடு அவர்கள் சொந்தச் சொத்து அல்ல. பேராலயக் குருக்கள் கூடித் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பதவி, பிள்ளைக்குப் போகாது.

1555-இல் ஆக்ஸ்பர்க் உடன்படிக்கை வந்தது. அரசனின் மதமே நாட்டின் மதம் என்று ஆயிற்று. சரி, ஆயரே கத்தோலிக்கத்தை விட்டால்? பதவியையும் நாட்டையும் விட்டுவிட வேண்டும் என்று ஒரு ஷரத்து. மன்னர் ஃபெர்டினாந்து அதைத் தம் அதிகாரத்தில் சேர்த்தார். புரொட்டஸ்டண்ட் தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை. கோப்புகளோடு காலம் கழித்தவன் என்பதால் சொல்கிறேன்: ஆட்சேபணையைத் தீர்க்காமல் மூடிய கோப்பு என்றாவது ஒரு நாள் மறுபடி திறக்கும்.

27 வருஷத்தில் திறந்தது. 1582 டிசம்பரில் கொலோன் பேராயர் கெப்ஹார்ட், தாம் மதம் மாறிவிட்டதாக அறிவித்தார். 1583 பிப்ரவரியில் பான் நகரில் ஆக்னஸ் என்ற சீமாட்டியை மணந்தார். பதவியை மட்டும் விடவில்லை.

கல்யாணத்தோடு போகிற விஷயமா அது? சக்கரவர்த்தியைத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேரில் கெப்ஹார்டும் ஒருவர். மூவர் ஏற்கெனவே புரொட்டஸ்டண்டுகள். இவரும் சேர்ந்தால் நான்கு. பெரும்பான்மை கை மாறிவிடும்.

பாப்பரசர் அவரைப் பதவி நீக்கினார். பவாரிய அரச குடும்பத்து எர்ன்ஸ்ட் புதிய பேராயரானார். போர் மூண்டது. அந்த டிசம்பரிலேயே கோடஸ்பெர்க் கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1586-இல் ஸ்பானியப் படை நாய்ஸ் நகரத்தைப் பிடித்தபோது ஊரின் பெரும்பகுதி எரிந்து போனது. கெப்ஹார்ட் நெதர்லாந்துக்கு ஓடி, பிறகு ஸ்ட்ராஸ்பூர் போய், 1601-இல் அங்கேயே இறந்தார்.

ஆயரின் நாடு ஒரு குடும்பத்துச் சொத்தாகிவிடக் கூடாது என்பதும் அந்தச் சண்டையில் ஒரு நியாயமாகப் பேசப்பட்டது. ஆனால் எர்ன்ஸ்ட் தொடங்கி 1761 வரை கொலோன் பேராயர்களாக வரிசையாக இருந்த ஐவரும் அதே பவாரியக் குடும்பத்தார். பிள்ளைக்குப் போகவில்லை, வாஸ்தவந்தான். பெரும்பாலும் சித்தப்பா பெரியப்பாவிடமிருந்து தம்பி மகன், அண்ணன் மகனுக்குப் போயிற்று. வீடு எரிந்த நாய்ஸ் ஜனங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.