அனுமதியும் அளவும்: சிட்னியும் மெல்பர்னும்

1970களில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தினர். ஒருவரது கோப்பில் மற்றவர் கைவைக்காமலிருக்க, யூனிக்ஸ் இயங்குதளம் உரிமையாளர், குழு, பிறர் என மூன்று தரப்புகளை வகுத்தது. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்பது கணக்கு; இவற்றின் கூட்டுத்தொகையே அந்த வரிசையில் ஒவ்வொரு தரப்புக்குமான இலக்கம். ஒரு கோப்புக்கு 640 என்று அமைத்தால், உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம். பிறருக்கு எதுவும் இல்லை.

இந்த இயங்குதளத்தின் உள்ளமைப்பை விளக்கியவர் சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் லயன்ஸ். யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் சுமார் 9,000 வரி மூலநிரலைத் தொகுத்து, அதற்கு மாணவர்களுக்கான உரையும் எழுதினார். மூலமும் உரையுமாக அமைந்த இப்பாடம் 1977இல் முழு வடிவம் பெற்றது. பின்னர் உரிமக் கட்டுப்பாடு குறுக்கிட்டதால், பல ஆண்டுகள் நகல் பிரதிகளாகவே கைமாறியது. 1996இல்தான் நூலாக வெளிவந்தது.

அனுமதி இருந்தாலும் ஒருவரே வட்டு முழுவதையும் நிரப்பிவிடலாம். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்ஸ் உருவாக்கிய வட்டுப் பங்கீட்டு முறை இதற்கு வரம்பு கட்டியது. 1983இல் பெர்க்லியின் யூனிக்ஸ் பதிப்பான 4.2பிஎஸ்டியில் அது இடம்பெற்றது. அதில் இரு வரம்புகள் உண்டு. மென்வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கை வரும். வன்வரம்பை எட்டினால் எழுதவே முடியாது.

யாருக்கு எவ்வளவு அனுமதி என்ற அதே கேள்வி இன்றும் எழுகிறது. மேசைக்கணினியில் இயங்கும் இன்றைய செய்யறிவு முகவர்கள் பொதுவாகப் பயனரின் கணக்கிலேயே செயல்படுகின்றன. பயனருக்குத் திறக்கும் கதவுகள் முகவருக்கும் திறந்துவிடும். அதனால்தான் எந்தக் கோப்புறையைத் தொடலாம், எந்தக் கட்டளைக்கு முன்ஒப்புதல் வேண்டும் என்ற அமைப்புகள் தனியே தேவைப்படுகின்றன.